கண்டதும் கேட்டதும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர். கூடியவர் பேசாதிருத்தல் அரிது. உண்ட உணவு, உற்ற நோய், பெய்த மழை, நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஆகியவற்றை ஒருவர் சொல்ல, மற்றொருவர் கேட்பது நட்பின் அன்றாட வழக்கம். நண்பர்கள் பெரும்பொருள் பற்றிப் பேசும் நேரம் சிறிது. சிறுபொருள் பற்றிப் பேசும் நேரமே மிகுதி. ஆயினும் அச்சிறு பேச்சுகளே நட்பென்னும் பயிருக்கு நாள்தோறும் பாயும் நீராகும்.

இவ்வுண்மையைக் காண விரும்புவோர் முழுநிலா நாளில் திருவண்ணாமலைக்குச் செல்லலாம். அங்கே 2,668 அடி உயரமுள்ள மலை வானளாவி நிற்கின்றது. அதன் அடியில் அண்ணாமலையார் கோயிலும், 217 அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரமும் விளங்குகின்றன. மலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம் உடையது. இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கங்கள் அப்பாதையில் அமைந்துள்ளன. இரவெல்லாம் மக்கள் வெள்ளம் மலையைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். இறைவன் பெயரைச் சொல்லி நடப்போர் பலர். வாய் திறவாது நடப்போர் சிலர். நண்பரோடு உரையாடி நடப்போரும் உளர்.

“முழங்கால் வலி இப்பொழுது எப்படி இருக்கிறது, ஐயா?” என்று ஒருவர் கேட்பார். “பரவாயில்லை, படி ஏறும்பொழுதுதான் சற்றுத் துன்புறுத்துகிறது” என்பார் மற்றவர். பிறகு பேச்சு மகளின் திருமணத்திற்குத் தாவும். அங்கிருந்து மணிலா விலைக்குச் செல்லும். “அடுத்த ஊரில் ஏரி உடைந்துவிட்டதாமே?” என்று ஒருவர் தொடங்கினால், “யார் சொன்னார்? நீர் கண்டீரா?” என்று உடன் நடப்பவர் கேட்பார். கண்டவர், “கண்டேன்” என்பார். காணாதவர், “கேள்விப்பட்டேன்” என்று குரலைத் தாழ்த்துவார். நேர்முகப் பேச்சின் சிறப்பு இதுவே. சொல்பவரின் முகத்தைக் கேட்பவர் காண்கின்றார். ஐயம் எழுந்தால் உடனே வினவுகின்றார். முகமும் வினாவும் பேச்சுக்கு இரண்டு காவலர்களாக நிற்கின்றன.

தொலைவில் வாழும் நண்பருக்குக் கடிதம் துணையாயிற்று. இந்தியாவில் 1879ஆம் ஆண்டு அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. அதன் விலை அந்நாளில் காலணா. அட்டையில் இடம் குறைவு. எழுதியதை வழியில் எவரும் படிக்கலாம். ஆகவே எழுதுவோர் சொற்களை எண்ணி எழுதினர். “யாவரும் நலம், தாத்தாவுக்குக் காய்ச்சல் தணிந்தது, மழை பெய்தது” என்ற மூன்று தொடர்களில் ஒரு குடும்பத்தின் ஒரு திங்கள் வாழ்வு அடங்கிவிடும். விலை கொடுத்து, கைநோக எழுதி, அஞ்சல் பெட்டிவரை நடந்து சென்று இடவேண்டியிருந்தமையால், பொய்யை எழுதிப் பரப்புவோர் அரியராயினர்.

காலம் மாறிற்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதி கிட்டியது. 2009ஆம் ஆண்டு வாட்ஸ்அப் என்னும் செய்திப் பரிமாற்ற வசதி தோன்றியது. கைப்பேசிகள் மலிவான பின்னர்ச் சிற்றூர்களிலும் அது பரவியது. ஒன்றாகப் படித்த மாணவர் நால்வர் நான்கு நாடுகளில் வாழ்ந்தாலும், இன்று ஒரே திண்ணையில் அமர்ந்தாற்போல் உரையாடுகின்றனர். காலையில் வணக்கம், நண்பகலில் உடல்நலம், மாலையில் நாட்டு நடப்பு என்று அவர்தம் பேச்சு நீள்கின்றது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் பெருமழையைக் கொணர்ந்தது. திசம்பர் முதல் நாள் மாலை, திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து குடியிருப்பின் மீது வீழ்ந்தன. குழந்தைகள் உள்ளிட்ட ஏழு பேர் மாண்டனர். இத்தகைய வேளையில், அயலூரில் இருப்பவர் “நலமா?” என்று அனுப்பும் ஒரு சொல்லும், “நலமே” என்று வரும் மறுமொழியும் விலைமதிக்க இயலாதவை. அஞ்சலட்டை மூன்று நாளில் தரும் ஆறுதலை இணையம் மூன்று நொடியில் தந்துவிடுகின்றது.

ஆனால் விரைவு நன்மைக்கு மட்டும் உதவுவதன்று. நற்செய்தி ஏறிச் செல்லும் குதிரையில் பொய்ச்செய்தியும் ஏறிச் செல்லும். அதற்குத் திருவண்ணாமலை மாவட்டமே துயரச் சான்றாக நிற்கின்றது.

2018ஆம் ஆண்டு, குழந்தைகளைக் கடத்தும் கூட்டத்தார் ஊர்தோறும் திரிகின்றனர் என்ற வதந்தி கைப்பேசி வழியாகத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பரவியது. அதை அனுப்பியோர் பெரும்பாலும் தீயவர் அல்லர். பிள்ளைகளைப் பெற்றோர், உடன்பிறந்தார், நண்பர் ஆகியோரே அஞ்சி, ஒருவரை ஒருவர் எச்சரிப்பதாக எண்ணி அனுப்பினர். அன்பே அவ்வதந்திக்குச் சிறகாயிற்று.

அவ்வாண்டு மே 9ஆம் நாள், சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்குக் காரில் வந்தனர். மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் அவர்களுடன் இருந்தனர். குலதெய்வத்தை வழிபடுதலே அவர்களது நோக்கம். வழியறியாது நின்று வழி கேட்டனர். அவர்களுள் முதியவரான ஓர் அம்மையார், அங்கு நின்ற சிறுவர்களுக்கு இனிப்பு வழங்கினார். பாட்டிமார் செய்யும் இயல்பான செயல் அது. ஆனால் வதந்தியால் அஞ்சியிருந்த ஊரார் கண்களுக்கு அது கடத்தலின் தொடக்கமாகத் தோன்றியது. கூட்டம் திரண்டது, அவர்களைத் தாக்கியது. அம்மையார் உயிர் இழந்தார். உடன் வந்தோர் கொடுங்காயம் உற்றனர். காவல்துறையினர் பலரைக் கைது செய்தனர்.

“யார் சொன்னார்? நீ கண்டாயா?” என்ற வினாவை அந்நாளில் ஒருவர் உரத்துக் கேட்டு, ஏனையோர் அதற்குச் செவிசாய்த்திருப்பின், ஓர் உயிர் காக்கப்பட்டிருக்கலாம். மலைசுற்றும் நண்பர் இயல்பாகக் கேட்கும் வினா அது. கைப்பேசியில் வந்த செய்தியை நோக்கி அதைக் கேட்பார் இலர். அனுப்பியவர் நண்பர் என்பதால் செய்தியும் நம்பப்பட்டது. நண்பர் அதைக் கண்டவர் அல்லர், கேட்டவரும் அல்லர், வந்ததை அனுப்பியவர் மட்டுமே என்பது மறக்கப்பட்டது.

காணொளியும் உண்மைக்கு உறுதியான சான்று ஆகாது. அக்காலத்தில் இந்தியாவில் பரவிய ஒரு காணொளியில், இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து குழந்தையைத் தூக்கிச் செல்லுதல் காணப்பட்டது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைப் பாதுகாக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படமாகும். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டி நீக்கிவிட்டனர். காக்கப் பிறந்த படம் கொல்லத் துணையாயிற்று.

2018 சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பும் செய்திகளுக்கு ஓர் அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறும் செய்தது. 2019இல் அவ்வரம்பு உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. வேலி நல்லதே. ஆயினும் வேலிக்குள் நிற்பவர் விழித்திருந்தாலன்றிப் பயிர் காக்கப்படாது.

உடல்நலம் பற்றிய பேச்சிலும் இவ்விழிப்பு வேண்டும். 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபொழுது, சாராயம் குடித்தால் நோய் அணுகாது என்ற வதந்தி ஈரான் நாட்டில் பரவியது. அதை நம்பி நச்சுத்தன்மையுள்ள மெத்தனாலைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நோயுற்ற நண்பரிடம் “துன்பம் தணிந்ததா?” என்று கேட்பது அன்பு. “மருத்துவரைக் கண்டாயா?” என்று கேட்பது அறிவோடு கூடிய அன்பு. எவரோ எழுதிய மருந்தை ஆராயாமல் அனுப்புவது அன்பும் அன்று, அறிவும் அன்று.

கேட்டதை ஆராயும் முறைக்கும் திருவண்ணாமலையிலேயே சான்று உண்டு. 2024இல் மண்சரிவு நேர்ந்த சில நாட்களில் கார்த்திகைத் தீபத் திருவிழா வந்தது. மக்கள் மலையேறலாமா என்ற ஐயம் எழுந்தது. செவிவழிச் செய்தியைக்கொண்டு எவரும் முடிவு செய்யவில்லை. நிலவியல் வல்லுநர் மலைக்குச் சென்றனர். மண்ணையும் பாறையையும் நேரில் ஆராய்ந்தனர். அதன் பின்னர்ப் பொதுமக்கள் மலையேறுதல் தடுக்கப்பட்டது. திசம்பர் 13ஆம் நாள் தீபம் மட்டும் மரபுப்படி மலையுச்சியில் ஏற்றப்பட்டது. மக்கள் கீழே நின்று கண்டு தொழுதனர்.

செய்தியைச் சொன்னவர் யார் என்பதோடு நில்லாமல், அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் கருத்து. அவர் காலத்துத் திண்ணைக்கும் இக்காலத்துக் கைப்பேசிக்கும் அது பொருந்தும். செய்தியொன்று வந்தவுடன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இதைக் கண்டவர் யார்? இது எங்கே, எப்பொழுது நிகழ்ந்தது? இது பொய்யாயின் யாருக்குத் தீங்கு விளையும்? இம்மூன்றிற்கும் விடை கிடைக்கும்வரை விரலை அடக்குதல், நாவை அடக்குதலுக்கு நிகரான ஒழுக்கமாகும்.

நண்பர்கள் பேசட்டும்; நலம் கேட்கட்டும்; நாட்டு நடப்பை அறிந்து கொள்ளட்டும். பேச்சற்ற நட்பு நீரற்ற குளம். ஆயினும் குளத்து நீரைப் பருகுமுன் தெளிவு காண்பது போல, கேட்ட சொல்லைப் பிறர்க்கு வழங்குமுன் உண்மை காணல் வேண்டும். வழி கேட்டு வரும் அயலாரை ஐயுறாது, அவருக்கு வழிகாட்டும் ஊரே நல்லூர். அவ்வூரை உருவாக்கும் பொறுப்பு, கையில் கைப்பேசி ஏந்திய ஒவ்வொருவருக்கும் உண்டு.