பௌதிகவியலும் மின் பொறியியலும்: இரண்டையும் ஒன்றாகப் படிக்கலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும், கணிதப் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: "இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து முடிக்கலாம்."

அமெரிக்காவில் முடியும். இந்தியாவின் பிட்ஸ் பிலானியிலும் ஐந்தாண்டில் பௌதிகவியல் முதுமாணியையும் பொறியியல் இளமாணியையும் சேர்த்து எடுக்க வழி உண்டு. நமது அரச பல்கலைக்கழகங்களிலோ இவை இரண்டும் வெவ்வேறு பீடங்கள், வெவ்வேறு அனுமதிகள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இருக்கிறது. மின் பொறியியலுக்கு ஒலுவில், கிளிநொச்சி, பேராதனை, மொறட்டுவை என்று போக வேண்டும். இரண்டுக்கும் கேட்கப்படும் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பாடம் ஒன்றாக இருப்பதால்தான் பட்டமும் ஒன்றாகலாம் என்ற மயக்கம் வருகிறது.

இரு துறை அறிவு வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே பட்டப்படிப்பில் படித்தாக வேண்டும் என்பதில்லை. காரைதீவில் பிறந்து மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலாநந்தர் 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அந்த விஞ்ஞானம் 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் பயன்பட்டது. நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும் என்ற கணக்கைத் தெரிந்தவர் பண்டைய யாழை ஆராய்ந்ததால்தான் அந்த நூல் அந்த ஆழத்தை எட்டியது.

நம்பிக்கை: "என்ஜினியரிங் கிடைக்காத பிள்ளைதான் பௌதிகவியலுக்குப் போகும்."

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் தருகிறது. வெட்டுப்புள்ளி போட்டியின் அளவைக் காட்டுமே தவிர பாடத்தின் தரத்தைக் காட்டாது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரே புள்ளி ஒரு மாவட்டத்தில் போதும், இன்னொன்றில் போதாது. பாடத்தின் மதிப்பு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறிவிடுமா?

நம்பிக்கை: "ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வந்துவிடும்."

கூரையில் இருக்கும் சோலார் பனலைப் பாருங்கள். 25 பாகை செல்சியசில் அதன் வலு அளக்கப்படுகிறது. நமது உச்சி வெயிலில் அது 65 பாகை வரை சூடேறலாம். சிலிக்கன் பனல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 வீதம் வலுவை இழப்பதால், ஆறிலொரு பங்கு போய்விடும். சூடேறினால் குறைகடத்தியின் வோல்ற்றளவு ஏன் குறைகிறது என்று கேட்பவர் பௌதிகவியலாளர். கூரைக்கும் பனலுக்கும் இடையில் எவ்வளவு காற்றிடைவெளி விடுவது, எத்தனை பனலைத் தொடராக இணைத்தால் இன்வேர்ட்டர் தாங்கும், கல்லடிக் கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்காமல் எப்படிக் காப்பது என்று கேட்பவர் மின் பொறியியலாளர். பொதுவான கணிதம் நிறைய உண்டு. ஆனால் நான்கு ஆண்டுப் பழக்கம் இரண்டு விதமான ஆட்களை உருவாக்குகிறது.

நம்பிக்கை: "பௌதிகவியல் படித்து, வேலை பழகி, பொறியியலாளர் ஆகிவிடலாம்."

இதில் கவனம் தேவை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி பொறியியலாளராகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் தகைமை தேவை. பௌதிகவியல் பட்டம் மட்டும் போதாது. பிறகு மனம் மாறினால் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் ஒரு வழி. காலமும் உழைப்பும் அதிகம்.

மறுதிசையில் பாதை சற்று இலகு. போல் டிராக் முதலில் படித்தது மின் பொறியியல், 1933இல் பெற்றது பௌதிகவியல் நோபல் பரிசு. இரண்டு முறை பௌதிகவியல் நோபல் வென்ற ஜோன் பார்டீனும் மின் பொறியியல் பட்டதாரியே. ஆகவே 'பொறியியலாளர்' என்ற பதிவு வாழ்க்கைக்கு அவசியம் என்று தெரிந்த பிள்ளை பொறியியலை முதலில் எடுப்பதே நல்லது என்பேன். ஆய்வுதான் ஆசை என்றால் வந்தாறுமூலைக்குத் தயங்காமல் போகலாம்.

கடைசியாக, விண்ணப்பம் நிரப்பும்போது "குறைந்த வெட்டுப்புள்ளிப் பாடநெறியை மேலே போட்டால் புள்ளி வீணாகும்" என்பார்கள். உங்கள் விருப்ப வரிசையில், புள்ளி போதுமான முதல் பாடநெறிதான் உங்களுக்குக் கிடைக்கும். பௌதிகவியல்தான் மனதில் முதலாவது என்றால் அதையே முதலாவதாக எழுதுங்கள்.