பட்டர் ஐசிங் பூசிய கேக்கில் பொன்டன்ட் அலங்காரங்களை ஒட்டுதல்

கேக் அலங்காரம் பற்றிய வினாவுக்கு “தண்ணீர் தடவி ஒட்ட வேண்டும்” என்று ஒரே வரியில் விடை எழுதிவிடும் மாணவர்கள் பலர். விடை முற்றிலும் பிழையன்று. ஆயினும் எங்கே, எவ்வளவு, எப்போது தடவ வேண்டும் என்பதற்கே புள்ளி உண்டு. பின்வரும் சம்பவத்தை முதலில் வாசிக்கவும்.

திருகோணமலை, ஓர்ஸ் ஹில்லில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் தாய் ஒருவருக்கு டிசெம்பர் மாதத்தில் பிறந்தநாள் கேக்குக்கான ஓடர் ஒன்று கிடைக்கிறது எனக் கொள்க. அவர் முதல்நாள் இரவே பட்டர் ஐசிங் பூசி, பொன்டன்ட் பூக்கள், சிவப்பு நிறப் பெயரெழுத்துக்கள், சிறிய யானை ஒன்று ஆகியவற்றை ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார். மறுநாள் அதனை வெளியே எடுத்து, மூடாமலே முச்சக்கரவண்டியில் உப்புவெளிக்குக் கொண்டு செல்கிறார். போய்ச் சேரும்போது பூக்கள் பிசுபிசுக்கின்றன. சிவப்பு நிறம் வெள்ளை ஐசிங்கில் வழிந்திருக்கிறது. யானை சரிந்து கிடக்கிறது. பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வருகிறது. முட்டைக்கும் பட்டருக்கும் கொடுத்த காசு கூட அதில் தேறாது.

இங்கு பிழை எங்கே நிகழ்ந்தது?

பொன்டன்ட் என்பது ஐசிங் சீனி, குளுக்கோஸ் பாகு, ஜெலற்றின், கிளிசரின் முதலியவை சேர்த்துப் பிசைந்த மா போன்ற பொருள். அதன் பெரும்பகுதி சீனியே. சீனி நீரை விரைவாகப் பற்றிக் கரைந்து பாகாகும். சிறிதளவு பாகு உண்டானால் அது பசையாக ஒட்டும். கூடினால் அலங்காரமே இளகிவிடும். ஒட்டவைப்பதும் கெடுப்பதும் ஒரே நீர்தான் என்பதை மனதிற் கொள்க.

பட்டர் ஐசிங்கின் இயல்பு வேறு. பட்டரில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் கொழுப்பு உண்டு. கொழுப்பின் மீது நீர் பரவாது, துளியாக உருண்டு நிற்கும். ஆகவே நீரைக் கேக்கின் மேல் தடவுதல் பயனற்றது. பொன்டன்ட் துண்டின் பின்புறத்தில், ஈரத் தூரிகையால் மெல்லத் தொட்டு ஒட்ட வேண்டும்.

ஐசிங் பூசியவுடன் மேற்பரப்பு மென்மையாக இருப்பின் நீரே தேவையில்லை. மெல்லிய பூ, எழுத்து என்பவற்றை வைத்து விரலால் இலேசாக அழுத்தினால் போதும். மேற்பரப்பு காய்ந்து ஆடை படிந்திருப்பின், புதிய பட்டர் ஐசிங்கில் ஒரு பொட்டு வைத்து ஒட்டுதல் சிறந்தது. றோயல் ஐசிங் இங்கு ஏற்றதன்று. முட்டை வெள்ளைக்கருவில் ஆன அது கொழுப்புப் பட்டால் வலுவிழக்கும்.

யானை போன்ற பாரமான உருவை எந்தப் பசையும் தனியே தாங்காது. பொன்டன்டில் சிறிதளவு சீ.எம்.சீ. தூள் சேர்த்து உருவைச் செய்து, இரண்டொரு நாள் முன்னரே காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அடியில் சமைக்காத ஸ்பகெற்றித் துண்டைச் செருகி, பின்னர் கேக்கினுள் இறக்கலாம். ரூத்பிக்கும் தாங்கும், ஆனால் சிறுபிள்ளைகள் உண்ணும் கேக்கில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

இனி, துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில்லின் காற்றைக் கவனிப்போம். டிசெம்பர் இங்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். வளியின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் நூற்றுக்கு 80 எனக் கொண்டால், பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகையாகும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரும் கேக்கோ 5 பாகை அளவில் இருக்கும். எனவே வளியிலுள்ள நீராவி கேக்கின் மீது ஒடுங்கி நீர்த்துளியாகப் படிகிறது. குளிர்நீர்ப் போத்தல் மேசையில் வியர்ப்பதும் இதனாலேயே. அத்துளிகளே பூவை இளக்கின, நிறத்தைக் கரைத்தன, யானையின் பிடியைத் தளர்த்தின. அந்தத் தாய் எத்தனை நல்ல பசை தடவியிருந்தாலும் இது நடந்திருக்கும்.

கேக்கை மூடிய மட்டைப் பெட்டியில் வைத்துக் குளிரூட்டி, வெளியே எடுத்தபின் அறைவெப்பநிலையை அடையும் வரை பெட்டியைத் திறக்காதிருந்தால், நீர் பெரும்பாலும் பெட்டியின் வெளிப்புறத்திலேயே படியும். கடும் நிற எழுத்துக்களையும் உருவங்களையும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டுவது இன்னும் பாதுகாப்பானது.

கச்சான் வீசும் காலத்திற் சிக்கல் மாறும். காற்று உலர்ந்திருப்பதால் அலங்காரங்கள் விரைவிற் காயும். ஆனால் பகல் வெப்பநிலை 33 பாகையைத் தாண்டும் நாட்களில் பட்டரே உருகத் தொடங்கும். பக்கச்சுவரில் ஒட்டிய பூ ஐசிங்கோடு சேர்ந்து வழுகும். அப்போது பட்டரின் ஒரு பகுதிக்குப் பதிலாக, உயர்ந்த வெப்பநிலையில் உருகும் தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாம். சுவை சற்றுக் குறையும், வேறு வழியில்லை.

பயிற்சி வினா: மேற்கூறிய சம்பவத்தில் சிவப்பு நிறம் வழிந்தமைக்கான காரணத்தை விளக்குக.

மாதிரி விடை: குளிர்ந்த கேக்கின் மேற்பரப்பு வளியின் பனிபடுநிலையிலும் தாழ்ந்த வெப்பநிலையில் இருந்தமையால் நீராவி ஒடுங்கியது. அந்நீரில் பொன்டன்டின் சீனியும் உணவு நிறமும் கரைந்து ஐசிங்கின் மீது வழிந்தன. (“ஈரம் பட்டது” என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளியை எதிர்பார்க்க முடியாது. ஈரம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுக.)