முகப்பில் தொடங்காதே

காரைக்கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பொம்மை வீடு செய்யப் பலகை வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கட்டடக்கலை படிக்கிற பெண்ணுக்கு இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவளுக்கு வருத்தம். நான் உன் பக்கம்தான். பழைய வீடு ஒன்றைக் கண்டால் அண்ணாந்து பார்த்தபடி தெருவிலேயே நின்றுவிடுகிறவள் நீ. எத்தனை படம் எடுத்தாலும் அந்த ஆசை தீராது. கையால் ஒரு முறை கட்டிப் பார்க்கத்தான் தோன்றும்.

அம்மாவிடம் இதைச் சொல். ஆம்ஸ்டர்டாமில் ஒரு பட்டு வணிகரின் மனைவி பெட்ரோனெல்லா ஊர்ட்மன், 1686 முதல் 1710 வரை ஒரு பொம்மை வீட்டை இழைத்து இழைத்துச் செய்வித்தாள். பக்கத்து நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. இன்றைக்கும் அந்தப் பொம்மை வீடு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அக்காலத்துப் பணக்கார வீட்டு அடுக்களை எப்படி இருந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். புதுடெல்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸும், அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1921-லிருந்து 1924-க்குள் இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிப்ட் ஓடும். வைஸ்ராய் மாளிகை கட்டுகிறவருக்கு அது சின்ன வேலையாகத் தெரியவில்லை.

அவர் கொண்ட அளவையே நீயும் எடுத்துக்கொள்: ஓரடிக்கு ஓரங்குலம். எட்டடித் தூண் எட்டங்குலம், ஒன்பது அங்குலச் சுவர் முக்கால் அங்குலம். மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். கடையில் விற்கும் வெளிநாட்டுப் பெட்டியை மட்டும் வாங்காதே. கணப்பும் பனி வழுக்கும் கூரையும் வைத்த வீட்டில் நீ கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நம் ஊர் வீட்டைச் செய்.

செய்யும்போது முகப்பில் தொடங்காதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பிரெஞ்சுக்காரர் 1739-ல் காரைக்காலுக்கு வந்து 1954-ல் விட்டுப் போனார்கள். அந்தக் கலப்பில் பிறந்த வீடுகளைப் புதுச்சேரியிலும் பார்த்திருப்பாய். கீழே தெருத் தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு. மேலே வளைவுச் சன்னலும் சுண்ணாம்புப் பூவேலையுமாகப் பிரெஞ்சு மாடி. படம் எடுக்கிறவர்கள் அந்த மாடியோடு திரும்பிவிடுகிறார்கள். பொம்மை வீடென்றால் திறந்து உள்ளே காட்ட வேண்டும். ரேழி எத்தனை அடி அகலம், வாசலில் நின்றால் முற்றம் தெரியுமா, ஊஞ்சல் வளையம் எந்த உத்திரத்தில், பத்தாயம் எந்தச் சுவரோரம், அடுப்புப் புகை எந்த வழியாக வெளியேறியது, கொல்லைக் கிணறு அடுக்களையிலிருந்து எத்தனை எட்டு? அந்தத் தண்ணீரை நாளெல்லாம் தூக்கியவள் யார் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும்.

முற்றத்தைச் சுற்றி வரும் ஓட்டுக்கூரைகள் மூலையில் சேருகிற கூடல்வாயில் அவசரப்படாதே. அட்டையை வெட்டி ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. கைமரம் சாய்த்து, ரீப்பர் அடித்து, குட்டி ஓடு அடுக்கி, மூலையில் தகரம் மடித்து வை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றிப் பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழைய வீடு நோகிற இடம் அதுதான்: மேலே தகரத்தில் ஓட்டை, கீழே கைமரத்தின் நுனி மக்கல். சுவருக்குச் சுண்ணாம்பே பூசு. கடலோர ஊரில் பழைய செங்கல் சுவர் மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே ஏறிய ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே அரித்துவிடும்.

மாடித் தாழ்வாரத்தையும் வெறுமனே விடாதே. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்களே, அங்கே ஒரு கூடை மாம்பழம் வை. அந்த விழாவுக்குக் காரணமான காரைக்கால் அம்மையார் புனிதவதியாரின் கதையே ஒரு வீட்டுக்குள் நடப்பதுதானே! கணவன் அனுப்பிய இரண்டு கனி, பசியோடு வாசலில் வந்து நின்ற சிவனடியார், இலை போட்ட இடம், இன்னொரு கனி கேட்ட கணவனுக்காக அவர் உள்ளே போய்க் கையேந்தி நின்ற இடம். ஒவ்வொன்றுக்கும் உன் வீட்டில் இடம் பார்த்து வை. புரட்டாசியில் கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பார்க் போடுகிற இடத்தில் பாதியை உனக்கு ஒதுக்குகிறேன். என்னிடம் இருக்கிற ஐந்தங்குல மரப்பாச்சி உன் கணக்கில் ஐந்தடிப் பெண், அவளையும் தருகிறேன்.

கை திருந்த வேண்டுமானால் தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களிடம் போய் உட்கார். நீர்நிலையில் வளரும் நெட்டியின் வெள்ளைத் தண்டைக் கத்தியால் சீவிச் சீவிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறவர்கள். 2020-ல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சின்ன வீடு இருக்கிறதே என்று பெரிய வீட்டைக் கைவிடக் கூடாது. புதுச்சேரிக் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சி மன்றம், 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் கட்டி 2021-ல் திறந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தக் காலத்துக் கொத்தனார் கை பட்ட சுவர் போனது போனதுதான். அதனால் நீ எடுக்கும் அளவை எல்லாம் அடிக்கணக்கில் நோட்டில் எழுதி, வீட்டுக்காரருக்கு ஒரு நகல் கொடுத்துவிடு. உத்திரம் மாற்றும்போது அவருக்கு உதவும்.

எதிர்வீட்டுக்காரர், பூட்டிக் கிடக்கும் தம் பழைய வீட்டைத் திறந்துவிடச் சம்மதித்துவிட்டார். விற்கிற யோசனையும் அவருக்கு இருக்கிறது, தள்ளிப்போடாதே. மழை பிடிப்பதற்குள் வா. அளவு நாடாவும் டார்ச்சும் கொண்டு வா. பரணில் ஏற ஏணி இங்கே இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா