கில்பெக் ஆலயம் காணச் செல்வோருக்கு

இங்கிலாந்தின் ஹெரிபோர்டுஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அண்மையிலுள்ள கில்பெக் கிராமத்தில், ஏறக்குறைய 1140-ஆம் ஆண்டில் செம்மணற்கல்லால் எழுப்பப்பெற்ற சிற்றாலயத்தைக் காணச் செல்வோர், வந்த வேகத்தில் உள்ளே நுழைந்துவிடாமல், முதலில் வெளிப்புறத்தை நிதானமாக வலம்வருதல் உத்தமம். அதன் சிற்பச் செல்வத்தில் பெரும்பகுதி வெளியில்தான் இருக்கிறது. கூரை விளிம்பின் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கல்முகங்களுள், நாயும் முயலும் ஜென்ம விரோதத்தை மறந்து அருகருகே எட்டிப்பார்க்கும் விநோதத்தை நன்றாக ரசிக்க வேண்டுமானால், சிறிய தொலைநோக்கி ஒன்று கையிலிருப்பது அவசியம். (சில உருவங்கள் சற்றே விரசமானவை, அவற்றையும் கோயிலில் வைத்த அக்காலத்தாரின் துணிவு வியக்கத்தக்கதே.) தெற்கு வாயிலின் தூணில் கொடிகளிடையே பின்னிக்கிடக்கும் வீரர்களைக் காண்பதற்குச் சாய்வெயிலே அனுகூலம், ஆனால் மணற்கல் தேயும் இயல்புடையதாதலால் விரலால் தடவிப் பார்த்தல் ஆகாது. ஈரப்புல்லில் நடக்க ஏற்ற காலணி அணிந்து சென்றால், மேற்கே உள்ள பழைய கோட்டை மேட்டிலும் ஏறிவரலாம். இன்றும் வழிபாடு நடைபெறும் தலமாகையால், ஆராதனை வேளையைத் தவிர்த்துச் செல்லுங்கள். இத்தகைய கிராம ஆலயங்களின் பராமரிப்பு பெரிதும் நன்கொடையையே நம்பியிருப்பதால், திரும்புமுன் உண்டியலில் இயன்றதை இடுங்கள்.