மண் சுவர் மழையில் கரையுமா?

மண் வீடு என்றால் சிலருக்கு இளக்காரம். சிலருக்கு அது எல்லாவற்றுக்கும் தீர்வு. இரு தரப்பிலும் உலவும் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: மண் சுவர் மழையில் கரைந்துவிடும்.

உண்மை: தண்ணீரை அண்டவிட்டால் கரையும். ஆபத்து இரண்டு இடங்களில்தான்: சுவரின் அடியிலும் உச்சியிலும். கருங்கல் அடித்தளத்தைத் தரைக்கு மேல் உயர்த்தி, கூரையை வெளியே நன்றாக நீட்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. ஏமனின் ஷிபாம் நகரில், 16-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுந்த, சுடாத பச்சை மண்கல் அடுக்குமாடிகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் பூச்சை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். அதில் அசட்டை கூடாது.

நம்பிக்கை 2: நிலநடுக்கத்தில் மண் வீடு தப்பாது.

உண்மை: 2003-இல் ஈரானின் பாம் நகரில் நிலநடுக்கத்தால் பச்சை மண்கல் வீடுகள் இடிந்து பல்லாயிரம் பேர் மாண்டது உண்மை. ஆனால் 2001-இல் குஜராத் குலுங்கியபோது, கட்ச் பகுதியின் 'புங்கா' எனப்படும் வட்ட மண் வீடுகள் பல தப்பின. அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்தன. வட்டச் சுவரில் விரிசல் தொடங்க மூலைகள் இல்லை. மேலே இருப்பதும் இலேசான கூரை. வடிவமும் கூரையின் எடையும் பொருளுக்கு நிகராக முக்கியம்.

நம்பிக்கை 3: செலவைக் குறைத்தால் தரம் குறையும்.

உண்மை: மண் வீட்டின் மீது மட்டுமல்ல, சிக்கனமான எந்தக் கட்டடத்தின் மீதும் இந்தச் சந்தேகம் எழும். ஆனால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடுவார்கள். செங்கல் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் மட்டுப்படுத்தும். கூரையிலும் அதே கணக்குதான்: தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார்.

நம்பிக்கை 4: மண்ணால் கட்டினாலே பசுமை வீடு.

உண்மை: இது ஆர்வலர்களின் நம்பிக்கை. மண்ணின் ஆதாயமே சிமெண்டையும் சூளையையும் குறைப்பதில்தான் இருக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 சதவீதத்துக்கும் மேல் சிமெண்டிலிருந்து வருகிறது. சூளையின் எரிபொருள் மட்டுமல்ல, சுடும்போது சுண்ணாம்புக்கல்லே அந்த வாயுவைக் கக்குகிறது. ஆரோவில்லில் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமலே கல் செய்கிறார்கள். ஆனால் சுவர் பலமாக இருக்காதோ என்று பயந்துபோய்ச் சிமெண்டைக் கூட்டிக்கொண்டே போனாலும், மண்ணை லாரியில் தொலைவிலிருந்து வரவழைத்தாலும் அந்த ஆதாயம் கரைந்துவிடும். வயலின் மேல்மண்ணைச் சுரண்டினால் பாவம் இரட்டிப்பு. அடிமண்ணைத் தோண்டி, அந்தக் குழியையே மழைநீர்த் தொட்டியாக்குவதுதான் முறை.

கட்ட நினைப்பவர்கள் முதலில் ஒரு கண்ணாடிப் புட்டியில் மனை மண்ணைத் தண்ணீரோடு குலுக்கி, ஒரு நாள் தெளியவிடுங்கள். அடியில் மணலும் மேலே களிமண்ணும் படியும். களி மிகுந்தால் சுவர் வெடிக்கும். மணல் மிகுந்தால் ஒட்டாது. பிறகு பொறியாளரிடம் போகலாம்.