பூரணம் வைத்த சாக்லேட்: சுவைத்துப் பார்த்துக் கொள்முதல் செய்வது எப்படி?



நெய் வந்தால் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறோம். வெல்லத்தின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைக்கிறோம். துவரம்பருப்பைப் பல்லில் கடித்துக் காய்ச்சல் போதுமா என்று தெரிந்துகொள்கிறோம். மூட்டையில் குத்தூசி போடாமல் எந்தச் சரக்கையும் இறக்கியதில்லை. ஆனால் பளபளக்கும் பெட்டியில், ரிப்பன் கட்டி வருகிற சாக்லேட்டை மட்டும் விலைப்பட்டியலைப் பார்த்தே வாங்கி விடுகிறோம். நாமும் அப்படித்தான் வாங்கினோம். வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, மலையூர் ஒன்றில் வீட்டிலேயே கையால் சாக்லேட் செய்யும் ஒருவரிடம் கால் கிலோ பெட்டிகள் 200 எடுத்தோம். அவர் கடையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தோம், அருமையாக இருந்தது. மலைக் குளிரில் எந்தச் சாக்லேட்டும் அருமையாகத்தான் இருக்கும் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை. என்றைக்குச் செய்தது, உள்ளே என்ன பூரணம், எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரவு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, தீபாவளிக்கு 25 நாள் இருக்கும்போதே அலமாரியில் அடுக்கினோம். பண்டிகைக்கு மறுநாள், நமது கடைக்கு முப்பது வருஷமாக வரும் ஒரு டீச்சர் அம்மாள் பெட்டியோடு வந்தார். மேஜையில் வைத்துத் திறந்தார். சாக்லேட் மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஒன்றைப் பிட்டுக் காட்டினார். உள்ளே புளித்த பால் வாடை. “அண்ணாச்சி, இதை நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மீதிப் பெட்டிகளைக் குழி வெட்டிப் புதைத்தோம். நஷ்டம் போகட்டும், அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் சுவைத்தும் கற்றுக்கொண்டதை உறுப்பினர்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் இது என்ன சரக்கு என்று பார்ப்போம். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போல, சாக்லேட் ஓட்டுக்குள் வேறொரு பொருளை வைத்து ஒரே வாயில் போடும் அளவில் செய்வது. இதற்குப் பேர்போன ஊர் பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அங்கே அரசியின் பெயரால் வழங்கும் கூரை வேய்ந்த கடைவீதியில் 1857-ல் ஜான் நியூஹாஸ் என்பவர் மருந்துக்கடை வைத்தார். அதே பெயருடைய அவர் பேரன் 1912-ல் பூரணம் வைத்த சாக்லேட்டைச் செய்து அதற்கு ‘ப்ராலின்’ என்று பெயரிட்டார். காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்தால் நசுங்குகிறது என்று, பேரனின் மனைவி லூயி அகோஸ்தினி 1915-ல் ‘பாலோட்டின்’ என்ற அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். இன்றும் பெல்ஜியத்துச் சாக்லேட் அந்த மாதிரிப் பெட்டியில்தான் விற்கிறது. சரக்கைச் செய்தவர் பெயர் நிலைத்ததில் பெட்டி செய்த அம்மாளுக்கும் பாதிப் பங்கு உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

நல்ல கைவேலைக்காரர் ஓட்டுக்குப் பயன்படுத்துவது ‘கூவர்ச்சர்’ என்னும் சாக்லேட். ஐரோப்பிய விதிப்படி இதில் கொக்கோ வெண்ணெய் 31 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் வாய்ச்சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் கையில் கெட்டியாக இருந்து வாயில் கரைகிறது. ஆனால் உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் மினுமினுப்பும் வராது, முறியும் சத்தமும் வராது. கறுப்புச் சாக்லேட் என்றால் 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை குளிர்வித்து, மறுபடி 31, 32-க்குச் சூடேற்றி அச்சில் ஊற்ற வேண்டும். பாகுப் பதம் தப்பினால் அதிரசம் என்ன ஆகுமோ, இந்தப் பதம் தப்பினால் சாக்லேட்டும் அதுவே. இதை ‘டெம்பரிங்’ என்கிறார்கள்.

கொக்கோ வெண்ணெய் விலை கூடியது. ஆகவே அதை நீக்கிவிட்டு, கெட்டியாக்கிய பாமாயில் வகைக் கொழுப்பைச் சேர்த்துச் செய்வதற்கு ‘காம்பவுண்ட்’ என்று பெயர். அதற்கு டெம்பரிங் தேவையில்லை, வெயிலையும் சற்றுத் தாங்கும். காம்பவுண்ட் விற்பது குற்றமல்ல. காம்பவுண்டைச் சாக்லேட் விலைக்கு வாங்குவதுதான் நமது அறியாமை. 2022-ல் டன் 2,500 டாலர் அளவில் இருந்த கொக்கோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. பிறகு விலை இறங்கினாலும், அந்தச் சமயத்தில் கைமாற்றுச் சரக்குக்குப் பழகியவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இனி சுவைக்கும் முறைக்கு வருவோம்.

நேரம் காலை. பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காபி குடித்திருக்கக் கூடாது. வெற்றிலை போடுகிறவர்கள் முதல் நாள் இரவோடு நிறுத்த வேண்டும். நமக்கு இதுதான் பெரிய சோதனையாக இருந்தது! பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வாயில் கொழுப்பு உறைந்து அடுத்த சாக்லேட்டின் ருசி தெரியாது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததாக இருந்தால், டப்பாவைத் திறக்காமலே வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே ஈரம் வேர்க்கும். அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளை பூக்கும். ஒரே அமர்வில் ஐந்தாறு வகைக்கு மேல் வேண்டாம். சாதாரணப் பூரணம் முதலில், அடுத்துக் கொட்டை வகை, பிறகு பழப்புளிப்பு உள்ளவை, காபி, மசாலா போன்ற காட்டமானவை கடைசியில்.

முதல் வேலை கண்ணுக்கு. மேல்புறம் மினுமினுப்பாக இருந்தால் போதாது, கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூரணம் கசிந்து பிசுபிசுப்பு இருக்கிறதா, மெல்லிய விரிசல் உண்டா? கசிந்த வழியே காற்றும் நுழையும். வெள்ளைப் பூப்பிலும் இரண்டு விதம். விரலால் தேய்த்தால் வழுக்கி மறைவது கொழுப்புப் பூப்பு. சூடு பட்டு ஆறியதற்கு அடையாளம். சொரசொரப்பாக மறையாமல் நிற்பது சர்க்கரைப் பூப்பு. ஈரம் பட்டதற்கு அடையாளம். இரண்டும் உடம்புக்குக் கெடுதல் அல்ல. ஆனால் அந்தப் பெட்டி எந்த வழியாகப் பயணம் செய்து வந்தது என்பதை அது சொல்லிவிடும்.

அடுத்தது கத்தி. ஒன்றை முழுதாக வாயில் போடுவதற்கு முன், இன்னொன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். நமது மலையூர்க் கொள்முதலில் இதைச் செய்திருந்தாலே பாதி விஷயம் தெரிந்திருக்கும். ஓடு எல்லாப் பக்கமும் ஒரே கனமாக, மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காகிதம்போல இருந்தால், போகிற வழியில் மெல்லிய பக்கம் உடையும். பூரணத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், உள்ளே ஈரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது அல்லது சரியாக நிரப்பவில்லை என்று பொருள். நமது நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, பூரணம் வைத்த சாக்லேட்டில் மேல் ஓட்டுச் சாக்லேட் மொத்த எடையில் 25 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பூரணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டை நகைக்கடை நண்பரின் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம். அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருந்தாலும் கணக்குத் தெரிந்தது.

வெட்டியவுடன் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு பாதியை நாக்கில் வைத்து, கடிக்காமல் மேலண்ணத்தில் அழுத்துங்கள். கொக்கோ வெண்ணெயானால் உடனே இளகி வழியும். பாமாயில் கொழுப்பானால் நேரம் எடுக்கும், விழுங்கிய பிறகும் மெழுகுவர்த்தியைத் தொட்டதுபோல அண்ணத்தில் ஒரு படலம் நிற்கும். மறு பாதியைக் கடித்து, ஓடும் பூரணமும் சேர்ந்து கரைகிறதா, அல்லது பூரணம் போய்விட்டு ஓடு தனியாக மிஞ்சுகிறதா என்று கவனியுங்கள். தித்திப்பு மட்டும் தெரிந்தால் அது சர்க்கரை வியாபாரம். நல்ல சரக்கில் முதலில் பூரணத்தின் வாசனையும், பின்னால் கொக்கோவின் இளங்கசப்பும் வந்து, தண்ணீர் குடிக்கும் வரை நிற்கும். நமது வீட்டு அம்மாளுக்கு இதில் நம்மைவிட நாக்குக் கூர்மை. ‘ஏலக்காய்ப் பூரணம்’ என்று வந்த ஒன்றைச் சுவைத்துவிட்டு, “இது ஏலக்காய் இல்லை, எசன்ஸ்” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்கள். விசாரித்ததில் அதுதான் உண்மை.

பூரணத்தின் வகை தெரியாமல் நாள் கணக்குப் போட முடியாது. வியாபாரிக்கு முக்கியமான பாடம் இதுவே. பால் க்ரீமைக் காய்ச்சிச் சாக்லேட்டில் கலந்து செய்வது ‘கனாஷ்’. வாயில் வெண்ணெயாகக் கரையும். ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. பதப்படுத்தும் பொருள் சேர்க்காத கைவேலைக் கனாஷுக்கு ஆயுள் இரண்டு, மூன்று வாரம்தான். பால்கோவாவை எப்படி நினைக்கிறோமோ அப்படி நினைக்க வேண்டும். மிட்டாய் என்று நினைத்து ஜாடியில் போட்டு வைக்கக் கூடாது. ஹேசல்நட், பாதாம், முந்திரி இவற்றைச் சர்க்கரையோடு வறுத்து அரைத்த பூரணத்தில் தண்ணீர் அநேகமாக இல்லை, மாதக்கணக்கில் தாங்கும். அதற்கு வேறு நோய் உண்டு. கொட்டை எண்ணெய் மெல்ல மெல்ல ஓட்டுக்குள் ஊறி ஓட்டை இளக்கும், வெள்ளை பூக்க வைக்கும். நாளானால் காறல் வாடை அடிக்கும். பழைய தேங்காயெண்ணெயை முகர்ந்த மூக்கு நம்மிடம் இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கேரமல் பூரணம் சர்க்கரை மிகுதியால் கனாஷைவிட அதிக நாள் தாங்கும்.

ஆகவே நாம் இப்போது ஒரு சாக்லேட்டை ஒரு தடவை சுவைப்பதோடு நிறுத்துவதில்லை. மாதிரிப் பெட்டி வந்தால் மூன்று பங்காக்குகிறோம். ஒன்றை வந்த அன்று சுவைக்கிறோம். இன்னொன்றைக் கடை அலமாரியிலும், மூன்றாவதைக் காற்றுப் புகாத டப்பாவில் 18 டிகிரி குளிர் அலமாரியிலும் வைத்து, 10-ம் நாளும் 20-ம் நாளும் வெட்டிப் பார்க்கிறோம். தேதியைச் சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டிவிடுவார் மகன். ஒருமுறை, முதல் நாள் எல்லோரும் மெச்சிய ஆரஞ்சுக் கனாஷ் 20-ம் நாள் வெட்டியபோது ஓரத்தில் பூசணம் பிடித்திருந்தது. சுமாராக இருக்கிறது என்று ஒதுக்கிய முந்திரிப் பூரணம் அப்படியே இருந்தது. எதற்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்பதை அந்த டப்பாதான் நமக்குச் சொன்னது.

செய்பவரிடம் தயக்கமில்லாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தத் தேதியில் பூரணம் ஊற்றினீர்கள்? ஓடு கூவர்ச்சரா, காம்பவுண்டா? முட்டை, ஜெலட்டின் உண்டா? சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தால் அது எதிலிருந்து எடுத்தது? கார்மைன் என்ற சிவப்பு, பூச்சியிலிருந்து எடுப்பது. விரதம் இருக்கும் வாடிக்கையாளருக்கு அதை விற்றுவிட்டுப் பிறகு வருந்தக்கூடாது. பச்சைப் புள்ளி, உணவு உரிமம் எண், தேதி இவை பெட்டியில் இல்லையென்றால் சுவையே பார்க்க வேண்டாம். தட்டில் வைத்து எடைக்கு விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க 2020 அக்டோபர் முதல் விதி வந்தது நினைவிருக்கும். நல்ல கைவேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இன்னும் இரண்டு விஷயம் சேர்த்தே சொல்வார்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கொக்கோவும் ஊடுபயிராக விளைகிறது. ஆகவே சரக்கு நமக்குத் தூரத்தில் இல்லை. மலையடிவாரத்து வெயில்தான் நடுவில் நிற்கிறது. பகல் லாரியிலோ, பஸ்ஸின் சாமான் அறையிலோ ஏற்றாதீர்கள். தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் பாக்கெட் சாக்லேட் பெட்டியைத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்து, இரவில் கிளப்பி விடியுமுன் இறக்க வேண்டும். உடைந்ததற்கும் பூத்ததற்கும் யார் பொறுப்பு என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கனாஷ் வகையைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் மட்டும், பதிவு செய்தவர்களுக்கு வேண்டிய அளவே எடுங்கள். அலமாரியை நிரப்புவதற்குக் கொட்டைப் பூரணம் இருக்கிறது.

டீச்சர் அம்மாள் சென்ற தீபாவளிக்கு இரண்டு பெட்டி வாங்கினார். தேதியைப் படித்துவிட்டு, “இந்தத் தடவை சாப்பிட்டுப் பார்த்தாச்சா, அண்ணாச்சி?” என்றார். 20-ம் நாள் டப்பாவைத் திறந்து, அவர் எதிரிலேயே ஒன்றை வெட்டிக் கொடுத்தோம்.