உள்ளங்கை ஓவியங்களின் ஊர்: பியாட்ரிக்ஸ் பாட்டரைத் தேடி மூன்று நாள்

வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டுக்குக் கிளம்புகிறவர்கள் மழைக்கோட்டை மறப்பதில்லை. கூடவே பியாட்ரிக்ஸ் பாட்டரின் நான்கு குட்டிப் படப் புத்தகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘டாம் கிட்டன்’, ‘ஜெமைமா படில்டக்’, ‘சாமுவேல் விஸ்கர்ஸ்’, ‘ஸ்குயிரல் நட்கின்’. ஒவ்வொன்றும் சுமார் 14 சென்டிமீட்டர் உயரம்தான். கோட்டுப் பையில் அடங்கிவிடும்.

முயலுக்கு நீலச் சட்டை, வாத்துக்குச் சால்வை, தவளைக்கு மழைக்கோட்டு என்று பியாட்ரிக்ஸ் பாட்டர் மைக்கோட்டிலும் நீர்வண்ணத்திலும் வரைந்தவை கற்பனைதான். அவற்றுக்குப் பின்னால் தெரியும் வாசல், படிக்கட்டு, கேட், ஏரி எல்லாம் நிஜம். பல இடங்கள் இன்றும் அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, படம் பிறந்த இடத்திலேயே நின்று பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

போகும் முன் தெரிந்துகொள்ள

1866இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பியாட்ரிக்ஸ். பள்ளிக்குப் போகவில்லை, வீட்டுக்கே ஆசிரியை வந்தார். மாடியறையில் முயல், எலி, முள்ளெலி எல்லாம் அவரோடு வளர்ந்தன. தினமும் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்ததே அவருக்குப் பயிற்சி.

1893 செப்டம்பர் 4 அன்று ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தபோது, தன் முன்னாள் ஆசிரியை ஆனி மூரின் ஐந்து வயது மகன் நோயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பையன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்குச் சொல்ல வேறு சேதி எதுவும் இல்லாததால் நான்கு முயல்குட்டிகளின் கதையைப் பேனாப் படங்களோடு எழுதி அனுப்பினார். மறுநாளே அவன் தம்பி எரிக்குக்கு ஒரு தவளைக் கதை போனது. நோயல் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். சில வருடம் கழித்து பியாட்ரிக்ஸ் அதை இரவல் வாங்கி, விரித்து எழுதிப் புத்தகமாக்கினார்.

பதிப்பாளர்கள் பலர் மறுத்தார்கள். குழந்தையின் கைக்கு அடங்கும் அளவிலும், எளியவர்கள் வாங்கும் விலையிலும்தான் புத்தகம் வரவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902இல் ஃபிரெடெரிக் வார்ன் நிறுவனம் ‘பீட்டர் ராபிட்’ என்ற அந்த முயல் கதையை வண்ணத்தில் கொண்டுவந்தது.

1905இல் அந்தப் பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னோடு அவருக்குத் திருமணம் நிச்சயமானது. ஒரே மாதத்தில் நார்மன் இறந்துபோனார். அதே ஆண்டில்தான் புத்தக வருமானத்தையும் அத்தை விட்டுச்சென்ற சிறு தொகையையும் சேர்த்து, நியர் சாரி என்ற கிராமத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். நீங்கள் முதலில் போகப்போவது அங்கேதான். மனம் உடைந்த ஒரு பெண் தனக்கென்று தேடிக்கொண்ட வீடு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

எப்படிப் போவது, எப்போது போவது

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கிளை ரயிலுக்கு மாறினால் சுமார் இருபது நிமிடத்தில் விண்டர்மியர். விண்டர்மியரிலோ அடுத்துள்ள போனஸிலோ அறை எடுத்தால் மூன்று நாளுக்கும் வசதி. கார் அவசியமில்லை. சாலைகள் குறுகல், ஹில் டாப்பில் வண்டி நிறுத்த இடமும் குறைவு.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். ஆட்டுக்குட்டிகள் துள்ளும், ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபரில் இலைகள் பழுப்பும் செம்மையுமாக மாறி, பியாட்ரிக்ஸின் வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்ததுபோல் இருக்கும். மழை எந்த மாதத்திலும் வரும். குடையைவிட மழைக்கோட்டும் ஈரம் புகாத காலணியும் மேல். குளிர்காலத்தில் ஹில் டாப் வீடு பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை. மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாள் மூடியிருக்கலாம். நேரம் குறித்த நுழைவுச் சீட்டை, வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இணையதளத்தில் முன்பதிவு செய்த பிறகு மற்ற திட்டங்களைப் போடுங்கள்.

முதல் நாள்: நியர் சாரி

போனஸிலிருந்து விண்டர்மியர் ஏரிக்கரையோரம் நடந்தால் வடத்தைப் பிடித்து நகரும் ஃபெரி வரும். சில நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும். அங்கிருந்து ஹில் டாப்புக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், கொஞ்சம் ஏற்றம். கோடையில் சிற்றுந்து ஓடும். காலில் தெம்பிருந்தால் நடந்தே போங்கள்.

வீட்டுக்குப் போகும் பாதையின் இருபுறமும் பூச்செடிகள். ‘டாம் கிட்டன்’ புத்தகத்தை (1907) இங்கே விரியுங்கள். பூனைக்குட்டிகள் நடந்து போகும் தோட்டம் இதுதான். காய்கறித் தோட்டத்தின் இரும்புக் கேட்டையும் ரூபார்ப் பாத்தியையும் ‘ஜெமைமா படில்டக்’கோடு (1908) ஒப்பிடுங்கள். முட்டையை ஒளித்து வைக்க அந்த வாத்து தேடிப்போன பாத்தி அது.

உள்ளே அறைகள் சிறியவை, வெளிச்சமும் குறைவு. கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். கூடத்து அலமாரியும் மாடிப்படி வளைவும் ‘சாமுவேல் விஸ்கர்ஸ்’ கதையில் (1908) அப்படியே வரும். பண்ணையை வாங்கியபோது வீடு நிறைய எலிகள். அந்தத் தொல்லையே கதையாயிற்று. ‘டூ பேட் மைஸ்’ கதையில் எலிகள் கடித்து ஏமாறும் பொம்மைச் சாப்பாட்டையும் இங்கே பார்க்கலாம். நார்மன் வாங்கி அனுப்பியவை அவை.

பியாட்ரிக்ஸ் இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருந்ததில்லை. 1913இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்த பிறகு அருகிலுள்ள காசில் காட்டேஜில் வாழ்ந்தார். ஹில் டாப்பை வரையவும் பிரியமான பொருள்களைச் சேர்த்து வைக்கவும் வைத்துக்கொண்டார். தான் விட்டுச்செல்வதுபோலவே அது இருக்கவேண்டும் என்று ஏற்பாடும் செய்தார்.

கூட்டம் நகரச் சொல்லும். நீங்கள் ஓர் அறையையாவது நின்று பாருங்கள். எல்லா அறையையும் ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே படத்தை அது பிறந்த இடத்தோடு வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பது மேல். படத்தில் எலியின் மூக்கு நுனியில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். பின்னாலிருக்கும் சுவரோ ஒரே பூச்சில் கரைந்து நிற்கும். எங்கே கோட்டால் இறுக்கிப் பிடிப்பது, எங்கே வண்ணத்தை அதன் போக்கில் விடுவது என்பதில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது. அசல் இடத்தில் நின்றால் எதையெல்லாம் வரையாமல் விட்டார் என்பதும் புரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே டவர் பேங்க் ஆர்ம்ஸ் விடுதி. ‘ஜெமைமா’வில் இந்தக் கட்டடமும் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பையும் ரொட்டியையும் விசாரியுங்கள். இந்தப் பக்கத்துச் சிற்றுண்டிக் கடைகளில் சுட்ட உருளைக்கிழங்கு பெரும்பாலும் கிடைக்கும்.

மாலையில் ஊருக்கு மேலே மாஸ் எக்கிள்ஸ் டார்ன் என்ற சிறு ஏரிக்கு நடந்துவிட்டு வாருங்கள். பியாட்ரிக்ஸ் அல்லி நட்டு, கணவரோடு படகு விட்ட இடம். நேரம் மிச்சமிருந்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஹாக்ஸ்ஹெட். ஹீலிஸின் பழைய அலுவலகக் கட்டடம் இங்கேதான். நேஷனல் டிரஸ்ட் அதை பியாட்ரிக்ஸின் ஓவியங்களுக்கான காட்சிக்கூடமாக்கியது. திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நீர்வண்ணம் வெளிச்சம் பட்டால் வெளிறும். அதனால் எந்தக் காட்சிக்கூடமும் இப்படிப்பட்ட அசல்களை மாற்றி மாற்றித்தான் வைக்கும். தேடி வந்த படம் இல்லையென்றால் ஏமாற வேண்டாம். இருப்பதை ஆர அமரப் பாருங்கள்.

இரண்டாம் நாள்: ஆம்பிள்சைட்

போனஸிலிருந்து ஆம்பிள்சைடுக்குப் படகும் உண்டு, பேருந்தும் உண்டு. ஆர்மிட் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். சட்டை போட்ட முயல்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே காத்திருப்பவை காளான்கள். பியாட்ரிக்ஸ் வரைந்து, உயிலில் ஆர்மிட்டுக்கே விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான நீர்வண்ணங்கள். அவற்றில் ஒரு பகுதி காட்சியில் இருக்கும்.

காளான் வித்துகள் முளைப்பதை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1897இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. வேறொருவர்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. நூறு ஆண்டு கழித்து அந்தச் சங்கம் அநீதியை ஒப்புக்கொண்டது. 1967இல் வெளிவந்த ஒரு காளான் நூலில் அவருடைய படங்கள் 59 சேர்க்கப்பட்டன. அறிவியல் நூலுக்குப் பொருந்தும் அளவுக்குத் துல்லியம்! இந்தக் காளான்களைப் பார்த்துவிட்டு முயல் படங்களுக்குத் திரும்புங்கள். சட்டைக்குள் இருப்பது பொம்மையல்ல, எலும்பும் தசையுமுள்ள முயல் என்று தெரியும். விளையாட்டுப் படம் நம்மை நம்பவைப்பதற்குக் காரணம் இந்த உழைப்பு.

பிற்பகலில் ரே காசில். கோடையில் ஆம்பிள்சைடிலிருந்து படகு போகும். 1882இல் பாட்டர் குடும்பம் விடுமுறைக்கு வாடகை எடுத்த மாளிகை இது. பதினாறு வயது பியாட்ரிக்ஸ் இந்த ஏரிப்பகுதியை முதலில் கண்டது இங்கிருந்துதான். அப்போது அறிமுகமான பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, பின்னாளில் 1895இல் நேஷனல் டிரஸ்டை நிறுவியவர்களுள் ஒருவர்.

குழந்தைகளோடு வந்திருந்தால் போனஸில் உள்ள ‘வேர்ல்ட் ஆஃப் பியாட்ரிக்ஸ் பாட்டர்’ அரங்குக்கும் போகலாம். கதைக் காட்சிகளை ஆள் நடந்துபோகும் அளவுக்கு அமைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் அந்த நேரத்தை ஏரிக்கரைக்குக் கொடுங்கள்.

மூன்றாம் நாள்: டெர்வென்ட்வாட்டர்

விண்டர்மியரிலிருந்து 555ஆம் எண் பேருந்து ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாக கெஸ்விக் போகும். மாடிப் பேருந்து வந்தால் மேல்தளத்து முன்னிருக்கையைப் பிடியுங்கள். கெஸ்விக்கில் டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிவரும் படகில் ஏறி, ‘ஸ்குயிரல் நட்கின்’ புத்தகத்தை (1903) எடுங்கள். செந்நிற அணில்கள் சுள்ளித் தெப்பத்தில் வாலைப் பாயாக்கிப் போகும் ஆந்தைத் தீவு, நடுவில் தெரியும் செயின்ட் ஹெர்பர்ட்ஸ் தீவுதான். ‘பெஞ்சமின் பன்னி’யின் தோட்டத்துக்கு மாதிரியான ஃபா பார்க் மேற்குக் கரையில் இருக்கிறது. தனியார் இடம், உள்ளே போக முடியாது.

நடக்கப் பிடித்தவர்கள் ஹாஸ் எண்டில் இறங்கி 451 மீட்டர் உயரமுள்ள கேட்பெல்ஸ் குன்றில் ஏறலாம். சலவைக்கார முள்ளெலி ‘மிஸஸ் டிகி-விங்கிள்’ (1905) வீட்டுக் கதவு இந்தச் சரிவில்தான். உச்சிக்குச் சற்றுமுன் பாறையில் கைவைத்து ஏறவேண்டியிருக்கும், மழைநாளில் தவிர்க்கவும்.

வழியெங்கும் ஹெர்ட்விக் ஆடுகள் மேயும். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். பிற்காலத்தில் பியாட்ரிக்ஸ் தூரிகையைவிட இந்த ஆடுகளோடுதான் அதிகம் இருந்தார். புத்தக வருமானத்தையும் குடும்பச் சொத்தையும் கொண்டு பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கி, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்றார். உள்ளங்கை அகலப் படங்கள் ஒரு நாட்டுப்புறத்தையே காத்து நின்றிருக்கின்றன. அவருக்குக் கல்லறை கிடையாது. அஸ்தியை நியர் சாரி பக்கத்து மேட்டில் தூவிவிட்டார்கள். அதனால் மலர்வளையம் வைக்க இடம் தேட வேண்டாம்.

பையில் வைக்க

நீரில் கரையாத மைப்பேனா ஒன்று, சின்ன வண்ணப்பெட்டி, மெல்லிய தூரிகை, தபால் அட்டை அளவில் கெட்டிக் காகிதம் பத்து. வரையத் தெரியாது என்று தயங்காதீர்கள். முதலில் மையில் கோடு, அது காய்ந்த பிறகு வண்ணம். இந்த ஊர்க் காற்று ஈரமானது. வண்ணம் காய நேரமெடுக்கும். அவசரப்பட்டு மூடினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வேலியையோ வாத்தையோ வரைந்து, பின்பக்கம் நான்கு வரி எழுதி, வெளிநாட்டுக்கான தபால்தலை ஒட்டி, சிவப்புத் தபால்பெட்டியில் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் பெயருக்கு அனுப்புங்கள். நோயலுக்குப் போனதும் இப்படியொரு கடிதம்தான்.